பூங்காத் தொண்டர் மரபியல்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவுக் கணக்கால் ஆறாகப் பகுத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, மனிதனுக்கு ஆறறிவு. ஆனால் தன் வீட்டு மாடித் தொட்டிகள் காய்ந்து கிடக்க, ஞாயிறு விடிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சிப் பூங்காவுக்குப் போய், ஒரு காசு கூலி வாங்காமல் ஊர்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு எத்தனை அறிவு என்று அவர் சொல்லவில்லை. அவர் காலத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் தோன்றியிராதது காரணமாகலாம். அக்குறை தீர்க்க வந்தது இச்சிறு நூல். இதற்கு வடவெல்லை சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம், தென்னெல்லை சோழிங்கநல்லூர் மண்டலம், கீழெல்லை கடல். மேலெல்லை அவ்வப்போது நகர்ந்துகொண்டே இருப்பதால் கூறப்படவில்லை.

முதற்பிரிவுக்கும் மரபியலே கை கொடுக்கிறது. வெளிப்புறம் வயிரம் (காழ்) பாய்ந்தது புல், உட்புறம் வயிரம் பாய்ந்தது மரம் என்பது அதன் துணிபு. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்தான். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லின் பக்கமே வைக்கிறது. தொண்டரும் அப்படியே இருவகைப்படுவர். புறக்காழர் என்போர் புதுக் கையுறை, அகன்ற தொப்பி, சங்கத்தின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் ஆகியவற்றால் அறியப்படுவர். அவர்தம் கத்தரி இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்திராது. அகக்காழரை உடையால் அறிய முடியாது. அறிய முயன்றால் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள் தென்படுவார், அவ்வளவுதான். பனை ஒருநாளும் தேக்காவதில்லை. புறக்காழர் சிலர் மட்டும் ஓரிரு கோடைக்குப் பின் அகக்காழராவதுண்டு. தாவரவியல் இதை இன்னும் விளக்கவில்லை.

புறக்காழருள் தலையாய இனம் ஜூன் ஐந்தார். 1972இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 5ஐ உலகச் சுற்றுச்சூழல் நாளாக அறிவித்ததிலிருந்து இவ்வினத்தின் வரலாறு தொடங்குகிறது. இதன் மூதாதையர் ஜூலை முதல் வாரத்தில் காணப்பட்ட வனமகோத்சவர்; 1950இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த மரம் நடுவிழாவின் வழியினர். ஒரு கன்றைப் பதினொரு கைகள் பற்றியிருக்கும், பன்னிரண்டாவது கை படம் எடுக்கும். குழி முன்தினமே தோட்டக்காரரால் தோண்டப்பட்டிருக்கும். கன்றைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே மண்ணுக்குள் இறக்குவதும் இவ்வினத்தின் இயல்பு. வேர் அந்தப் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இரண்டு மாதம் பச்சையாக நின்று மூன்றாம் மாதம் கன்று பட்டுப்போகும்.

இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. ஒரு கணக்குப் பிழை இங்கே இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவமழைக் காலம். அங்கே நட்ட கன்றுக்கு வானம் தண்ணீர் ஊற்றும். சென்னைக்கோ ஆண்டு மழை ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கத்திரி வெயிலின் சூடு ஆறாத மண்ணில் ஜூன் 5 அன்று கன்றை வைத்துவிட்டுப் போனால், ஐப்பசி வரை அதற்கு யார் ஊற்றுவது? வடக்கின் நாட்காட்டியைப் பார்த்து இங்கே நடுகிறோம். வைத்தவர் மேல் ஏறிய பழியில் பாதி நாட்காட்டியைச் சேரும்.

இனி வெட்டுநர். கையில் கத்தரி வந்ததும் எதையேனும் வெட்டாமல் இருக்க இயலாத வகை. இவர் வேலி ஓரத்து இட்லிப்பூச் செடியைச் சப்பாத்திக் கட்டை போல உருட்டி வைப்பார். காகிதப்பூ புதுத் தளிரில் பூப்பது. ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் வெட்டினால் அது மறுபடி குலுங்கும். வெட்டுநர் மொட்டு வைக்கும் வேளை பார்த்து வெட்டுவார். கேட்டால் 'ஷேப்' என்பார். இவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சருகு பற்றிய பிணக்கு சைவ வைணவப் பிணக்கைப் போல் நீண்டது. பெருக்குநர் கட்சிக்குத் தரை பளிச்சென்று தெரிய வேண்டும். ஓர் இலை கிடந்தாலும் மனம் பொறாது. மூடாக்கர் கட்சியோ விழுந்த இலையை மரத்தடிக்கே திருப்பித் தள்ளும். ஈரம் காயாது, மண்புழு வரும், இலையே எருவாகும் என்று வாதிடும். கறையான் வரும், பாம்பு வரும் என்பது எதிர்வாதம். மூடாக்கை மரத்தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பினால் முதல் அச்சத்துக்கு இடமில்லை. இந்நூலாசிரியர் மூடாக்கர் பக்கம். நடுநிலை என்பது இலக்கண ஆசிரியர்க்கு விதிக்கப்பட்டதன்று.

நாட்டுமரவாதியும் ஒரு வகை. அயல்மரம் எதையும் பொறார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்துபோனபின் இவர் குரல் ஓங்கியது. ஞாயந்தான், அன்று விழுந்த மரங்களில் மயில்கொன்றையும் இயல்வாகையும் ஏராளம். 2025இல் தமிழ்நாடு அரசு அயல்மரமான கோனோகார்ப்பஸ் வளர்க்கத் தடை விதித்தபோதும் இவருக்கு வெற்றியே. ஆனால் இவர் கூட்டம் போட்டுப் பேசும் நிழல் பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரத்தினுடையது. அதன் பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். சிவன் கோவில் மரம் என்று இவர் கைகூப்பும் நாகலிங்கமும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இதை அவரிடம் சொல்லும்போது சற்றுத் தள்ளி நின்று சொல்லவும்.

பூப்பறிப்போர் தொண்டருள் சேரார். ஆயினும் தொண்டரை அண்டியே வாழ்வதால் இங்கே வைக்கப்பட்டனர். விடியுமுன் வருவர். கையில் மஞ்சப்பை, தோளில் குடை. மழைக்காக அன்று. குடையின் வளைந்த பிடியால் செம்பருத்திக் கிளையை இழுத்து, விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்தால் நந்தியாவட்டை முழுவதும் அதனுள் உதிரும்.

"பெரியவரே, செடியில கொஞ்சம் விட்டு வைங்களேன்."

"சாமிக்குத்தானே சார் பறிக்கிறேன், எனக்கா?"

இதற்கு எந்தச் சங்கத்தின் விதிமுறையிலும் பதில் இல்லை. பவழமல்லிக்கு மட்டும் வழக்கு எழுவதில்லை. அது தானே உதிர்வது, தரையிலிருந்து பொறுக்கியதும் பூசைக்கு ஆகும்.

அகக்காழருள் முதன்மையானவர் களைபறிப்போர். எல்லாக் களையும் ஒன்றல்ல. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது. கோரையே தொண்டரைச் சோதிப்பது. தழையைப் பிடித்து இழுத்தால் கழுத்தில் அறுந்து கையோடு வரும். புறக்காழர் அதைக் குவித்துப் படமெடுத்துக்கொண்டு புறப்படுவார். மண்ணுக்குள் நூல் போன்ற தண்டில் கோத்துக் கிடக்கும் கறுத்த கிழங்குகள் அடுத்த வாரமே தளிர்க்கும். அகக்காழர் மழை விட்ட மறுநாள் வருவார். மண் நெகிழ்ந்திருக்கும்போது களைக்கொத்தைச் சரிவாக இறக்கி, அந்த நூலை அறுக்காமல் விரலால் தொடர்ந்து போய், கிழங்கு கிழங்காக எடுப்பார். ஒரு மணி நேரத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் முடியும். பூங்காவில் நடப்பவர்கள் இவரைத் தாண்டித்தான் போவார்கள். என்ன தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று கேட்பவரும் உண்டு.

இத்தகையோர் ஒன்று கூடினால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு, அடையாற்றங்கரையில் உள்ள கோட்டூர்புரம் மரப்பூங்கா. குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலம் அது. 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் கைப்பட வேலை செய்து அதை மரத்தோப்பாக்கினார்கள்.

புறனடை: மாநகராட்சித் தோட்டக்காரர் மேற்கண்ட எவ்வகையிலும் அடங்கார். அவர் கூலிக்கு வருகிறார், அதிலும் பலர் ஒப்பந்தக் கூலிக்கு. ஆனால் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வேப்பங்கிளை முறியக் காத்திருக்கிறது என்பவை அவருக்கு மட்டுமே தெரியும். சங்கத்தார் பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியவர் அவர். பார்க்காமல் கத்தரியை எடுக்கும் சங்கம் வெட்டுநர் சங்கமே ஆகும்.

இந்நூல் கற்றோர் தம்மை எவ்வகையில் வைத்துக்கொள்வது என்று மயங்க வேண்டாம். ஜூன் 5க்கு அழைப்பு வந்தால் போய் வாருங்கள். கன்று வைப்பதை மட்டும் ஐப்பசிக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், பையைக் கிழித்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சித்திரை, வைகாசியில் வாரம் இரண்டு நாள், வெயில் ஏறுமுன், ஒரு குடம் தண்ணீரோடு அந்தக் கன்றிடம் போங்கள். அப்போது அங்கே கூட்டம் இருக்காது.