லெட்டர்பேட் கம்பெனிகள்

கே: ஷெல் கம்பெனி என்கிறார்களே, அங்கே என்னதான் தயாரிக்கிறார்கள்?

ப: ரசீது! தலைவர், பொருளாளர் எல்லாம் இருந்து, தொண்டர் மட்டும் இல்லாத லெட்டர்பேட் கட்சிகளை நாம் பார்த்ததில்லையா? அந்த ரகம்தான். பதிவு எண் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, தொழில் கிடையாது.

கேமன் தீவுகளில் அக்லண்ட் ஹவுஸ் என்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. 2008-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, அந்த ஒரே முகவரியில் 18,857 நிறுவனங்கள் பதிவாகியிருந்தன. திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்கள் அங்கே போய்ப் பாடம் படிக்கலாம்.

நம் நாட்டு முறை இன்னும் சுவாரசியம். கறுப்புப் பணத்தை ரொக்கமாகத் தரகரிடம் கொடுத்தால், அது நாலைந்து கம்பெனிகளின் கணக்குகளில் காசோலையாகச் சுற்றும். கடைசியில், உங்கள் கம்பெனியின் 10 ரூபாய்ப் பங்கை 500 ரூபாய்க்கு யாரோ ஒரு புண்ணியவான் வாங்கியதாக, குளித்து முழுகி விபூதி பூசிக்கொண்டு உங்களிடமே திரும்பி வரும். அந்தப் புண்ணியவான் கம்பெனியின் இயக்குநர் யார் என்று தேடிப் போனால், தான் இயக்குநர் என்பதே தெரியாத டிரைவர் ஒருவர் வண்டி துடைத்துக்கொண்டிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், நம் கம்பெனிகள் சட்டத்தில் ஷெல் கம்பெனி என்பதற்கு விளக்கமே இல்லை. செயல்படாத கம்பெனி வைத்திருப்பது மட்டுமே குற்றமும் ஆகாது. ஆனாலும் ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரை 2017-ல் அரசு நீக்கியது.

உங்கள் முதலாளி 'சும்மா ஒரு கையெழுத்து' கேட்டால், என்ன காகிதம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.