பூமாலையில் ஒரு தலைமுடி

‘கோஸி மிஸ்டரி’ எனப்படும் சாவகாசத் துப்பறியும் நாவல் என்பது, கொலையே நடந்தாலும் யாருடைய காபியும் ஆறிப்போகாதபடி எழுதப்படும் இலக்கிய வகையாகும். அதில் ரத்தம் கண்ணில் படாது. ஊர் சிறியதாக இருக்கும். போலீசுக்குக் கடைசியில்தான் விளங்கும். உண்மையைக் கண்டுபிடிப்பவர் சம்பளமோ அதிகாரமோ இல்லாத, பெரும்பாலும் வயது முதிர்ந்த ஒருவராக இருப்பார். அகதா கிறிஸ்டி 1927இல் சிறுகதையொன்றில் அறிமுகம் செய்து 1930இல் நாவலுக்குள் குடியேற்றிய மிஸ் மார்ப்பிள் இவ்வகையின் மூத்த குடிமகள். ரிச்சர்ட் ஆஸ்மன் 2020இல் வெளியிட்ட ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ நாவலிலோ, முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர் வியாழக்கிழமைதோறும் கூடிப் பழைய கொலை வழக்குகளைக் கிளறுகின்றனர்.

தமிழில் இந்த வேலைக்கு முதியவர்கள் மனுப் போடவே வழியில்லாமல் இருந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக் ஆகிய அனைவரும் மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்காத வயதினர். தேவனின் சாம்பு தொழில்முறைத் திறமை இல்லாமலே வழக்குகளை முடித்தவர் என்றாலும், அவரும் தாத்தா அல்லர், பாங்கு குமாஸ்தா. பாக்கியம் ராமசாமி படைத்த சீதாப்பாட்டிக்கு வயது, புத்தி, தலைமை தாங்க ‘பாட்டிகள் முன்னேற்றக் கழகம்’ என்ற அமைப்பு என எல்லாத் தகுதிகளும் இருந்தன. ஆனால் அவருடைய புலனாய்வுத் திறன் முழுவதும் அப்புசாமி என்ற ஒரே குற்றவாளியின் மீதே செலவாகிவிட்டது.

நாவலில் கிடைக்காத முதிய துப்பறிவாளரைத் தேடுவோர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போகவேண்டும். வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நந்தவனம் அமைத்து நாள்தோறும் மாலை தொடுத்த பெரியாழ்வாரின் வீட்டில், ஆள் பார்க்காத வேளையில் அந்த மாலையை மகள் கோதை, அதாவது ஆண்டாள், சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டு, மறுபடியும் குடலையில் வைத்துவந்தாள் என்பது வைணவ மரபு கூறும் வரலாறு. ஒருநாள் மாலையில் ஒரு தலைமுடி இருந்தது. சம்பவ இடத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு உண்மையை நிறுவும் துறையான தடயவியலுக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது: தடயம் ஒன்று, சந்தேகத்துக்குரியவர் ஒருவர், விசாரணை அதிகாரியோ தகப்பனார். ஆயினும் வழக்கு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவராகக் கருதப்பட்ட பெருமாளே கனவில் தோன்றி, அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டதால், குற்றம் அன்றே வழிபாடாயிற்று. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் முறைப்படி போய்ச் சேர்கிறது. கோதை முகம் பார்த்த கிணறு எனக் கண்ணாடிக் கிணற்றையும் கோயிலில் காட்டுகின்றனர். தடயத்தை இத்தனை காலம் பாதுகாத்த காவல் நிலையம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் சிறிது நேரப் பயணத்தில் வரும் ராஜபாளையத்தில் துப்பறிதல் வேறு வகைச் சிக்கலை உடையது. ஷெர்லாக் ஹோம்ஸ் 1892இல் வெளிவந்த ஒரு கதையில், இரவில் நாய் குரைக்கவில்லை, ஆகவே வந்தவன் அதற்குப் பழக்கமானவன் என்று முடிவு கட்டிப் பெரும்புகழ் பெற்றார். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டு, 2005இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற ராஜபாளையம் நாயிடம் இந்தத் தர்க்கம் பலிக்காது. வெள்ளை நாய்களுள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாமை உண்டாதலால், குரைக்காத நாய் திருடனை அறிந்திருந்ததா அல்லது அவன் வந்ததையே அறியவில்லையா என்பதை எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கும் அவ்வாவிடம்தான் கேட்டாகவேண்டும். (அவ்வா என்பது அவ்வூரில் தெலுங்கு பேசும் குடும்பங்களில் பாட்டியைக் குறிக்கும் சொல்.) அவருக்கும் காது மந்தமாக இருக்கலாம், ஆனால் தெருவில் யார், எந்தச் சட்டையில், எத்தனை மணிக்குப் போனார் என்பதற்குக் காது தேவையில்லை.

இவ்வளவு வளம் இருந்தும் இவ்விரு ஊர்களிலிருந்து அப்படியொரு நாவல் உருவாகாததற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று, திறமை மிகுதி. அதிகாலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் அந்நியன் தெருமுனையைத் தாண்டுமுன் “யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?” என்று விசாரிக்கப்படுகிறான், அவன் சொல்லும் பெயரிலிருந்து தாத்தா, தாத்தாவின் பங்காளி, அந்தப் பங்காளியோடு நின்றுபோன பேச்சுவார்த்தை, அது நின்றுபோன காரணம் என நான்கே கேள்விகளில் கொலைக்கான நோக்கம் வரை எட்டிவிடுகின்றனர். கொலையாளி இரண்டாம் பக்கத்திலேயே அகப்பட்டுவிட்டால், முந்நூறு பக்க நாவலுக்கு எஞ்சிய பக்கங்களை நிரப்ப ஒரே பொருள்தான் மீதமிருக்கிறது: 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பண்டத்தின் பெயரை அது பிறந்த ஊருக்கே உரிமையாக்கும் சட்டப் பாதுகாப்பு, பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. துக்கம் விசாரிக்க வந்தவர் திரும்பும்போது வாங்கிய அந்தப் பால்கோவா விறகடுப்பில் கிண்டியதுதானா, உண்மையான பழைய கடை எது என்ற வழக்கில் மட்டும், கொலையாளியைப் பற்றி ஒரே குரலில் பேசிய பாட்டிமாருள் எந்த இருவரும் ஒத்துப்போவதில்லை.