டைனோ பேப்பர் அண்ணன்

அண்ணனிடம் "வண்டி எப்படீங்ண்ணா ஓடுது?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சாவியை நீட்டி, "ஓட்டிப் பாரு தம்பி" என்று சொல்ல மாட்டார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுப்பார்.

ஆர்.சி. புத்தகம் வீட்டில் கிடக்கும். இன்சூரன்ஸ் போன தீபாவளியோடு முடிந்திருக்கும். ஆனால் தன் யமஹா ஆர்.எக்ஸ். 100-ன் குதிரைச் சக்தியை அளந்து அச்சிட்ட டைனோ பேப்பர் இல்லாமல் அண்ணன் பால் வாங்கக்கூடத் தெருவில் இறங்கியதில்லை. "பாத்துக்க. பதினாலு புள்ளி ரெண்டு. வீல்ல!" அந்த 'வீல்ல' மட்டும் அரைக்கட்டை ஏறி வரும்.

காகிதத்தை எப்போதும் பாதியாக மடித்துத்தான் காட்டுவார். வலப் பாதி மட்டுமே நம் கண்ணுக்கு. அதில் சக்திக் கோடு நிமிடத்துக்கு 7,000 சுற்றில் கிளம்பி, 9,000-ஐத் தாண்டியதும் 14.2-ஐத் தொட்டு, தொட்ட வேகத்தில் குப்புற விழுகிறது. விழுகிற இடத்தின் மேல் அண்ணனின் கட்டை விரல் இருக்கும்.

மடித்து மறைத்த இடப் பாதியில் என்ன இருக்கிறது? அண்ணனின் அன்றாட வாழ்க்கை மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. காந்திபுரம் சிக்னல், உக்கடம் நெரிசல், மாமியார் வீட்டு வழியில் உள்ள வேகத்தடைகள் எல்லாமே 3,000-லிருந்து 5,000 சுற்றுக்குள் நடக்கிற காரியங்கள். அந்த இடத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. குற்றம் அண்ணன் மாட்டியிருக்கும் எக்ஸாஸ்ட் பைப்புடையதல்ல. எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனப்படும் அந்தப் பைப்பின் வேலையே அப்படி. புகையோடு வெளியே தப்பி ஓடும் புதுப் பெட்ரோல் கலவையை, பைப்பின் கடைசியில் மோதித் திரும்பும் அழுத்த அலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிட வேண்டும். எந்தச் சுற்றில் அலை நேரத்துக்கு வந்து சேருகிறதோ அங்கே கொண்டாட்டம். மற்ற சுற்றுகளில் அது வேளை கெட்ட வேளையில் வந்து காரியத்தைக் கெடுக்கும். ஆகவே சிக்னலில் பச்சை விழுந்ததும் அண்ணன் கிளட்ச்சைப் பாதி பிடித்து முறுக்கிக்கொண்டிருக்க, காய்கறி மூட்டை கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் ஒன்று அவரைத் தாண்டிப் போகிறது.

ஒருமுறை டீக்கடையில் விவரம் தெரியாத பையன் ஒருவன் காகிதத்தை வாங்கி மடிப்பைப் பிரித்துவிட்டான். "ஏனுங்ண்ணா, இங்க ஒண்ணுமே இல்லீங்களே?" என்று வேறு கேட்டான். அண்ணன் பதறவில்லை. "தம்பி, அது மெஷின் சூடாகற வரைக்கும் வர்ற கணக்கு. அதையெல்லாம் பாக்கக் கூடாது" என்று சொல்லி, மடித்த தடத்திலேயே மறுபடி மடித்தார். இத்தனை காலம் மடித்ததில் அந்தத் தடம் நைந்து, இப்போது செல்லோ டேப் போட்டிருக்கிறது. இடப் பாதி தானாகக் கழன்று விழுந்தால் அவர் தேடப்போவதில்லை.

அந்த 14.2 கிடைத்த விதம் தனி. கனத்த இரும்பு உருளையின் மேல் பின்சக்கரத்தை நிறுத்தி முறுக்கினால், உருளை எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்று பார்த்து மெஷின் கணக்குப் போடும். உருளைக்கு அண்ணனைத் தெரியாது. ஆகவே முதல் இடத்தில் 10.1 என்றது. மெஷின் சரியில்லை. அடுத்த இடத்தில் 10.4. வண்டியை உருளையோடு கட்டும் பெல்ட்டை இறுக்கிவிட்டான். இன்னோர் இடத்தில் காற்றில் ஈரம். பெண்ணுக்கு ஜாதகம் பொருந்துகிறது என்று ஒருத்தர் சொல்லும்வரை ஜோசியர் ஜோசியராக ஏறி இறங்குவதுபோல அண்ணன் ஏறி இறங்கினார்.

போகும் இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு கோரிக்கை உண்டு. வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்றபடி அளவைத் திருத்திச் சொல்லும் கணக்கில் இரண்டு வகை. ஒன்று 25 டிகிரியை அடிப்படையாகக் கொண்டது, பழையது 15.5 டிகிரியைக் கொண்டது. பழைய கணக்கில் அதே வண்டி ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அண்ணனுக்கு மரபின் மீது பற்று, பழையதையே கேட்பார். பைப் சூடேறினால் உள்ளே அலையின் வேகம் கூடி, உச்சம் மேல் சுற்றுக்கு நகர்ந்துவிடும். அதனால் ஒரே சூட்டில் அளந்தவற்றைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அண்ணனோ வேறுவேறு சூட்டில் ஓட்டி, பெரிய எண்ணை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடுவார்.

"சரிங்ண்ணா, இதெல்லாம் மாட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அளக்கவே இல்லை. பைப், ரீடு வால்வு, கார்பரேட்டர், சி.டி.ஐ. எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாட்டியவை. எது எவ்வளவு கொடுத்தது, எது கெடுத்தது என்று அவருக்கும் தெரியாது, உருளைக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வோர் அட்டைப் பெட்டியிலும் ஒரு சதவீதம் அச்சாகியிருக்கிறது. அதையெல்லாம் கூட்டி, கம்பெனி சொன்ன 11 குதிரைச் சக்தியின் மேல் ஏற்றி, "கணக்குப்படி பதினாறு வரணும் தம்பி" என்பார். அந்த 11 க்ராங்கில் அளந்தது, கியரும் செயினும் டயரும் தின்றது போகத்தான் சக்கரத்துக்கு வரும் என்று சொன்னால், "அப்பப் பதினாலு புள்ளி ரெண்டுங்கறது க்ராங்குல எவ்வளவு இருக்கும்!" என்று அதையும் வரவில் வைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் இந்த அலை வித்தையைத் தேற்றியதையும், 1961-ல் அங்கே பந்தய வண்டி ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் அதை எடுத்துக்கொண்டு சுஸுகி பக்கம் போனதையும் உறவுக்காரர் கதைபோலச் சொல்வார். நடுரோட்டில் யாருடைய டூ ஸ்ட்ரோக் நின்றாலும் இறங்கி, பிளக்கைக் கழற்றி, நிறம் பார்த்து, "மெயின் ஜெட் சின்னது, மாத்து. இல்லாட்டி பிஸ்டன் சீஸாயிரும்" என்று சொல்லிக் கிளப்பிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். பேப்பரைக் காட்டாமல் விடவும் மாட்டார்.

அவர் காதுக்கே இவ்வளவு தெரியும்போது காகிதம் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. காகிதத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது பதினைந்தைத் தொட வேண்டுமாம். கையில் கிரைண்டர் எடுத்திருக்கிறார். ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றுபோனது. ஒரிஜினல் சிலிண்டர் பிளாக் கிடைப்பதற்கு இன்று ஆள் வைத்துத் தேட வேண்டும். அதைப் பிடித்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அரைக்கிறார். அரைத்த உலோகம் திரும்பாது. ரீபோர் செய்தாலும் போர்ட்டின் உயரம் இறங்காது. எண் பிடிக்கவில்லை என்றால் அந்த பிளாக்கை 'ஸ்டேஜ் டூ' என்று பெயர் வைத்துக் கல்லூரிப் பையன் யாருக்காவது விற்றுவிடுகிறார். இது சிரிக்கிற சங்கதி இல்லை.

பொறுக்க முடியாமல் சொல்லியே விட்டேன். "அண்ணா, பைப் வேணும்னா மாட்டுங்க, நாளைக்குக் கழட்டிக்கலாம். பிளாக்குல கை வெக்கறதுக்கு முன்னாடி, கம்பெனி குடுத்தபடியே ஒருதடவ உருளைல ஏத்துங்க. அப்பறம் ஒண்ணொண்ணா மாத்தி அளங்க."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஸ்டாக் வண்டியப் போயி எவனாச்சும் டைனோ போடுவானா தம்பி? காசுக்குப் புடிச்ச கேடு."