பளபளக்கும் காரே, சாட்சி

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஒரு உத்தரவு போட்டது. குடிநீரில் கார் கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம். மறுபடி மாட்டினால் இன்னொரு 5,000, கூடவே நாளுக்கு 500. வாரியத்தின் கோபம் நியாயம்தான்; சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியை மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் வழியில் குழாய் ஒழுகி மண்ணுக்குள் போகும் தண்ணீருக்கு யார் பெயரில் ரசீது கிழிப்பதாம்?

போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தவர்கள் பாவம், சட்டத்தை மீறக்கூட வக்கில்லை. குழாயைத் திறந்தால் காற்று. அந்த மாதம் தூசி படிந்த கார்தான் உத்தமன். கண்ணாடி பளபளத்தால் சந்தேகக் கேஸ். ராத்திரி பதினொன்றுக்கு மேல் பக்கெட் சத்தம் கேட்டாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் அமைந்தால், அது பூர்வஜென்மப் புண்ணியம்.