விதைக்கிழங்கு ஒரு கிலோ

விதை உருளைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், மாடித்தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அடுப்படிக் கூடையில முளைச்சுக் கிடக்குமே, அதை நட்டுடுங்க." இந்தக் கார்த்திகையிலும் சொல்லியாகிவிட்டது. கேட்டது கடையைப் பற்றி. பதிலோ நம் வீட்டுச் சமையலறை நிர்வாகத்தைப் பற்றி. கத்தரி விதை கேட்பவரிடம் யாரும் சாம்பாரைக் கைகாட்டுவதில்லை. வெண்டைக்கும் பாகலுக்கும் பாக்கெட் இருக்கிறது, உருளைக்கு இல்லை. வீட்டுத் தோட்டக்காரனை இந்த வியாபாரத்தில் யாரும் ஆளாகவே மதிக்கவில்லை என்பதுதான் என் கட்சி.

விதைக்கிழங்கு விற்காமல் இல்லை. பஞ்சாபில், ஜலந்தர் பக்கம், அசுவினிப் பூச்சி குறைவான பனிக்காலத்தில் வளர்த்து, 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்திருந்து அனுப்புகிறார்கள். மூட்டை 50 கிலோ. ஏக்கருக்கு ஒரு டன் போல நடும் விவசாயிக்கு அது சரி. நமக்கு? கிழங்கு ஒன்று 40 கிராம் என்றால் மூட்டைக்கு 1,250 கிழங்கு. பைக்கு மூன்று வைத்தால் 416 பை. மிஞ்சும் இரண்டைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளலாம். பைக்கு 20 கிலோ மண்கலவை என்றால் எட்டு டன்னைத் தாண்டுகிறது. மாடி தாங்குமா என்று பொறியாளரைக் கேட்கலாம், கீழ்வீட்டுக்காரரைக் கேட்கவே கூடாது. பைக்கு ஒரு லிட்டர் ஊற்றினாலும் தினம் 416 லிட்டர். மோட்டார் போடும் நேரத்தை வைத்தே குடியிருப்போர் சங்கம் பிளவுபடும். பைக்கு ஒரு கிலோ விளைகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தினம் ஒரு கிலோ தின்றால் ஒரு வருடத்துக்கு மேல் வரும், வாயு மாத்திரைச் செலவு தனி. தின்று தீருமுன் பாதி முளைத்துவிடும். உடனே ஒருவர் வந்து, "அதை நட்டுடுங்க" என்பார்.

ஊட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் 1961-இல் நீலகிரி மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. முட்டைகள் கூட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மண் ஒட்டிய கிழங்கோடு பயணமும் போகும். அதனால்தான் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கு 1971-இல் தமிழக அரசு கட்டுப்பாடு விதித்தது. நியாயமான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே மலைக்கிழங்கு சமையலுக்கென்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவருகிறது. குருமாவுக்கு என்று சொன்னால் வரலாம், குழிக்கு என்றால் கூடாது.

ஆக, மிஞ்சுவது காய்கறிக்கடை. அதில் நச்சுயிரி இருக்குமே என்று விவரமானவர்கள் தடுக்கிறார்கள். உண்மைதான், அசுவினி பரப்பும் நச்சுயிரி தலைமுறைக்குத் தலைமுறை ஏறி விளைச்சலைக் குறைக்கும். மாடித்தோட்டக்காரனுக்கு இரண்டாம் தலைமுறை என்று ஒன்று வந்தால் அல்லவா அந்தக் கவலை! முளைப்பதே கஷ்டம். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரிகிற புதுக்கிழங்கு, இரண்டு மாதம் போல உறங்கும். குளிர்கிடங்கில் கிடந்து வெளியே வந்த பழசுதான் சீக்கிரம் கண் விடும். கடைக்காரரோ இரண்டையும் ஒரே கூடையில் கொட்டி வைத்திருப்பார். அப்படியே முளைத்தாலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாகக் கட்டும். சென்னையில் மார்கழியிலும் அது அபூர்வம். செடி என்னவோ பச்சைப்பசேலென்று தழைக்கும், தோண்டினால் கோலிக்குண்டுதான். வெப்பம் தாங்கும் குஃப்ரி சூர்யா ரகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மூட்டையில்.

இவ்வளவுக்குக் கிலோ கணக்கில் வாங்கித் தின்றுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள், முதலில் ரோஜாத்தொட்டி வைத்திருப்பவரிடம் போய் அதைக் கேட்கட்டும். போகும் வழியில் பூக்காரம்மாவிடம் ரோஜா என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே போகட்டும்.