தயாரிப்பு: அப்பா

என் மகன் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. "விஸ்காம்னா என்ன படிப்பு?" என்று உறவினர் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் மாதிரிதான்" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். கல்லூரியில் ஒரு மியூசிக் வீடியோ எடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று போன மாதம் அவன் வந்து நின்றபோதுதான், அது கம்ப்யூட்டர் மாதிரி இல்லை, கல்யாணம் மாதிரி என்று புரிந்தது.

"டைட்டில்ல புரொட்யூசர்னு உங்க பேரைப் போடுறோம்ப்பா" என்றான். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் என் பெயரை நாற்காலியில்கூட யாரும் எழுதியதில்லை. உச்சி குளிர்ந்து ஏ.டி.எம். கார்டை நீட்டினேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் பிறகுதான் தெரிந்தது. கேமரா வாடகை, லென்ஸ் வாடகை, டீ, பஜ்ஜி என்று பட்ஜெட்டில் எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. "சாப்பாடு: அம்மா" என்ற வரிக்கு நேரே மட்டும் எதுவும் இல்லை.

பாட்டு, அவன் சிநேகிதன் ஹாஸ்டலில் போர்வைக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்த காதல் தோல்விப் பாட்டு. அதற்கு ஒரு நோட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக ஸ்டோரிபோர்டு. எல்லாம் குச்சி மனிதர்கள். ஓரத்தில் ஒரு குச்சிக்கு மட்டும் தொப்பை இருந்தது. கையில் ஒரு பலகை. யாரென்று கேட்டேன். "லைட்டிங்" என்றான்.

கடற்கரை என்றால் அனுமதி, கடிதம் என்று இழுக்கும். எங்கள் மொட்டை மாடியே லொகேஷன் ஆயிற்று. தயாரிப்பாளர் என்ற முறையில் முதல் காரியமாகக் குக்கரை இறக்கச் சொன்னேன். கீழ்வீட்டு மோட்டாரை நிறுத்தினேன். ஒலிபெருக்கி கட்டிய வெங்காய வண்டியைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு மணி நேரம் வீடே மௌனவிரதம்.

"ஏம்ப்பா எல்லாரும் ரகசியம் பேசறீங்க?" என்றான் மகன். "பாட்டு ஸ்பீக்கர்ல ஓடும், நடிக்கிற பையன் வாயசைப்பான். கேமரா பிடிக்கிற சத்தம், எடிட்டிங்ல பாட்டையும் படத்தையும் பொருத்திப் பார்க்கத்தான். அப்புறம் தூக்கிடுவோம்."

1931-இல் 'காளிதாஸ்' படம் வந்த காலத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டும். 1938-இல் 'நந்தகுமார்' படத்தோடு தமிழுக்குப் பின்னணிப் பாட்டு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அடுத்தது ஸ்லோ மோஷன். விநாடிக்கு 48 ஃப்ரேம் எடுத்து 24-ஆக ஓட்டினால் வேகம் பாதியாகும். உதடு பாட்டோடு ஒட்ட வேண்டுமே? அதனால் எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓட விடுகிறார்கள். காதலியைப் பிரிந்த சோகத்தை ஓர் அணில் ஏலம் விடுவது போலிருந்தது. அந்த வேகத்துக்குப் பையன் வாயையும் கையையும் உதறியதைப் பார்த்த பக்கத்து மாடி மாமி, "ஏதாவது கடிச்சிடுத்தா?" என்று பதறினார்.

நடுவில் என் மனைவி காய்ந்த துணியை எடுத்துப் போய்விட்டாள். "ஆன்ட்டி, கன்டினியூட்டி!" என்று நாலு பேர் அலறினார்கள். போன ஷாட்டில் கொடியில் இருந்த என் நீல லுங்கி இந்த ஷாட்டில் இல்லை. மடித்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவந்து, அதே மடிப்போடு, அதே கிளிப்போடு மாட்டினார்கள். என் லுங்கிக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஐந்தரை மணிக்குப் பொன்வெயில். சூரியன் பையன் முதுகுக்குப் பின்னால்; முகம் இருட்டு. என் கையில் ஒரு தெர்மாகோல் பலகையைக் கொடுத்தார்கள். வெயிலை அதில் வாங்கி முகத்தில் அடிக்க வேண்டுமாம். போன நவராத்திரியில் கொலுவுக்கு வாங்கியது. பாதியில் மலையின் பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. காற்று வந்தால் பலகை என்னைத் தூக்கப் பார்த்தது. உதிர்ந்த வெள்ளை மணிகள் வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மற்ற கைக்குத் தாவின. "அங்கிள், ஓர் இன்ச் கீழ... அங்கிள், மூச்சு விடாதீங்க, வெளிச்சம் ஆடுது."

போன வாரம் ஹாலில் போட்டுப் பார்த்தோம். என் பெயர் ஒரு விநாடி வந்தது. லுங்கி பதினோரு விநாடி. முகம் தொங்கிப்போன என்னைப் பார்த்து மகன் ஓரிடத்தில் நிறுத்தினான். பையனின் முகம் திரை நிறைய. கருவிழிக்குள் கடுகளவு வெள்ளைச் சதுரம்.

"அது நீங்க பிடிச்ச தெர்மாகோல்தாம்ப்பா. அது இல்லேன்னா கண்ணுல உயிரே இருந்திருக்காது."

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்பே அந்த இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கி, "இதுக்குப் பின்னாடி நிக்கறது நான்தான்" என்று காட்டுகிறேன்.

நேற்று வந்தவர்களுக்குக் காட்டியபோது, காபித் தட்டோடு வந்த மனைவி குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஓரத்துல பச்சையாத் தெரியுதே, அது நான் அடிச்ச பெயிண்ட்."