நானூறு வீடு, ஒன்றுகூடக் காலியில்லை

நாவல் எழுதாமலிருக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றில் மரியாதையானது, சரித்திர நாவலுக்கு ஆராய்ச்சி செய்வது. சும்மா படுத்திருந்தால் வீட்டில் கேள்வி வரும். நெஞ்சின்மேல் சோழர் வரலாற்றை விரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தால் காப்பி வரும்.

கல்கிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, பாவம். ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் வந்தது. ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த வாரத்து அத்தியாயம் அச்சுக்குப் போயாக வேண்டும். எனக்காக எந்த அச்சகத்திலும் யாரும் காத்திருக்கவில்லை. ஆழமான ஆராய்ச்சிக்கு இது ஒன்றே போதும்.

என் கதை தஞ்சாவூரில், ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில் நடக்கிறது. பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்து நாலு வருஷம் ஆகியிருக்கும். கதாநாயகன் ஓர் ஒற்றன். விடியற்காலையில் பசியோடு ஊருக்குள் நுழைகிறான். சோழர் காலத்தில் மிளகாய் கிடையாது என்பது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை மிளகு போட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் அவன் பொங்கலில் முந்திரிப்பருப்பும் கிடையாது. போகிற வழியில் ஒரு கொய்யாப்பழம் பறித்துக் கடிக்கக்கூட வழியில்லை. பப்பாளி, சீத்தாப்பழம், வேர்க்கடலை எல்லாமே கொலம்பஸ் 1492இல் கிளம்பிப் போன பிறகு கப்பலேறி வந்த சாமான்கள். சரி, பட்டினி கிடக்கட்டும், ஒற்றன்தானே.

பட்டினியைவிடப் பெரிய பிரச்சினை, அவன் எங்கே ஒளிவது என்பது. ஊருக்கு வெளியே சீமைக் கருவேலங்காட்டில் ஒளிக்கலாம் என்றால், அந்தச் செடியே 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் குதிரையைக் கட்டலாம் என்றால் அந்த மரம் தென் அமெரிக்கா. கோயிலுக்குள் அவ்வளவு பெரிய நந்தி இருக்கிறதே, ஒரு படையையே மறைக்கலாமே என்றால், இன்று நாம் பார்க்கிற நந்தி நாயக்கர் காலத்தது. அரண்மனை மதிலைத் தாண்டிக் குதிக்கச் சொல்லலாம். நிற்கிற அரண்மனையோ நாயக்கரும் மராத்தியரும் கட்டியது. ஆக, தமிழ்நாட்டின் தலைசிறந்த ஒற்றன் மூன்று அத்தியாயங்களாக வெட்டவெளியில் நிற்கிறான்.

சரி, நிற்கிற இடத்திலேயே அவனுக்கு ஒரு கடிதம் வரட்டும். படித்தவுடன் ஆத்திரத்தில் கசக்கி எறியட்டும் என்றால் அது பனையோலை. கசக்கினால் நொறுங்கும்; நொறுங்குகிற சத்தத்தில் எதிரிகள் எழுந்துவிடுவார்கள். கண்ணீர் விழுந்து எழுத்து கலையட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. எழுத்தாணியால் கீறியது எந்தக் கண்ணீருக்கும் அசைந்து கொடுக்காது. காதல் கதைகளுக்குக் காகிதம் செய்திருக்கிற உபகாரம், ஓலையில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த மாதிரி நெருக்கடிகளில் நான் தொலைபேசியில் கூப்பிடுவது ஓய்வுபெற்ற கல்வெட்டுப் பேராசிரியர் ஒருவரை. தப்பித் தவறிக்கூட ஓர் ஊகம் அவர் வாயிலிருந்து வராது.

“சார், ராஜராஜனுக்குக் கோபம் வந்தா என்ன சொல்லித் திட்டுவார்?”

“கல்வெட்டுல இல்ல தம்பி.”

“சிரிச்சதா ஏதாவது?”

“இல்ல.”

“கல்வெட்டுல என்னதான் சார் இருக்கு?”

“கணக்கு.”

உண்மைதான். ஈழத்தை வென்ற ராஜா, கடல் கடந்து படை அனுப்பிய ராஜா. அவர் கோயில் சுவரில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும், அதற்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16 விட வேண்டும் என்று வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாது, கிழமும் ஆகாது. செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையன் பொறுப்பு. சுவரில் 96 என்று வெட்டிவிட்டால் என்றென்றைக்கும் 96. அந்த இடையனின் பெண்டாட்டி இதைப் பற்றி என்ன சொன்னாள் என்பதுதான் எனக்கு வேண்டும். அதை எந்தச் சுவரிலும் காணோம். கல்வெட்டு எழுதியவர்கள் எல்லோரும் தணிக்கை அதிகாரிகள். வம்பு பேசுகிற ஆள் ஒருவர்கூட அந்த வேலையில் சேரவில்லை.

இந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் பேராசிரியர், “கதாநாயகிக்கு வீடு வேணும்னா ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில 66ஆம் எண்ணைப் பாருங்க” என்றார். அதைப் பார்த்த பிறகு நான் பழைய மனிதனாக இல்லை.

பெரிய கோயிலில் ஆடுவதற்காகச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்தும் நானூறு பெண்களை வரவழைத்து, கோயிலைச் சுற்றித் தளிச்சேரித் தெருக்களில் குடிவைத்தார் ராஜராஜன். அவர்கள் பட்டியல் அது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்கத்து வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. எடுத்தபாதம் என்று ஒருத்தி, சோழகுலசுந்தரி என்று ஒருத்தி. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. நட்டுவனார், கணக்கர், தையற்காரர், நாவிதர் வரை பங்கு ஒதுக்கியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தெரு, கதவுக்குக் கதவு கையில் கிடைத்தால் நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு காலி வீடு வேண்டும்.

என் கதாநாயகி நடனமாடுகிறவள். அவளைத் தளிச்சேரியில்தான் வைக்க வேண்டும். நானூறு வீட்டிலும் ஆள் இருக்கிறது. சென்னையில் வாடகை வீடு தேடியபோதுகூட நான் இவ்வளவு அலைந்ததில்லை. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, இந்தச் சிறகு, அந்தச் சிறகு என்று விரலை வைத்துக்கொண்டே போனால் எல்லாக் கதவிலும் பெயர் வெட்டியிருக்கிறது. கல்லில் வெட்டிய வாடகை ஒப்பந்தம். மேலே ஒருத்தியைச் சேர்க்க நான் யார்?

“அவங்கள்ல ஒருத்தி செத்துட்டா?” என்று பேராசிரியரைக் கேட்டேன்.

“அதுக்கும் கல்வெட்டுல இருக்கு. செத்தாலோ, வேற தேசம் போயிட்டாலோ, அடுத்த உரிமைக்காரருக்குப் போகும். அவருக்குத் தகுதி இல்லைன்னா, தகுதியுள்ள வேற ஆளை வைக்கலாம்.”

ஆக, என் கதாநாயகி ஒரு வீட்டுக்குள் காலடி வைக்க, முதலில் அங்கே இருப்பவள் போக வேண்டும். பிறகு அவளுக்கு அடுத்த முறைக்காரிக்கு ஆட வராமல் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கதை. இது நாவல் இல்லை, பட்டா மாறுதல்.

கொன்றுவிடலாம்தான். சரித்திர நாவலில் சாவுக்கா பஞ்சம்? ஆனால் ஆயிரம் வருஷமாகச் சுவரில் பெயரோடு நிற்கிறவளை என் வசதிக்காகச் சாகடிக்க மனம் வரவில்லை. பெயர்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அவர்களெல்லாம் என்னோடு ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நானே உருவாக்கிய கதாநாயகி எனக்கு அந்நியமாகிவிட்டாள். அவள் மூட்டையோடு தெருமுனையில் நிற்கிறாள். சற்றுத் தள்ளி வெட்டவெளியில் ஒற்றன்.

எனவே வேறு தேசம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம்தான். அங்கே ஸ்ரீவிஜயத்து அரசர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் அப்போது புத்தம் புதுசு; கடாரத்துக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகம். ஆளை ஏற்றிவிட்டால் வீடு காலி. அதற்குக் கப்பலைப் பற்றித் தெரிய வேண்டும், காற்றைப் பற்றித் தெரிய வேண்டும். மேஜைமேல் புத்தகங்கள் இன்னும் ஒரு சாண் உயர்ந்தன.

இரவு சாப்பாட்டின்போது என் மனைவி கேட்டாள்: “என்னங்க, நிம்மதியா வீடு இருக்கு, நூறு கலம் நெல்லும் வருது. அந்தப் பொண்ணு எதுக்கு எல்லாத்தையும் விட்டுட்டுக் கப்பல் ஏறணும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்வெட்டிலும் இல்லை.

ரசத்தை ஊற்றிக்கொண்டே அவளே சொன்னாள்: “எதிர் வீட்டுல யாராவது நாவல் எழுதிக்கிட்டு இருந்திருப்பாங்க.”

எதிர்ச் சிறகில் அதே எண்ணுள்ள வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.